மேற்கே மழை இருக்கிறதா, பாருங்கள்

நம் வண்டியில் படுத்துக்கொண்டு வருகிறவர், எப்போது போய்ச் சேருவோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள்தான். அதுவும் திருப்பதி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்கள். ஊரில் ஜனம் காத்திருக்கும். குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டும், மேளத்துக்குச் சொல்ல வேண்டும், தூரத்து உறவு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தவிக்கும். இத்தனைக்கும் டிரைவர் வாயிலிருந்து வரும் ஒரு நேரம்தான் ஆதாரம். கார்த்திகை மாதத்தில் கடலில் ஏதாவது சுழன்றுகொண்டிருந்தால் நேரத்தோடு மழையையும் நம்மிடமே கேட்பார்கள்.

"டிரைவர் அண்ணா, போன்ல இன்னா போட்டுக்கிது?"

போன கார்த்திகையில் உங்களில் ஒரு தம்பி அந்தக் கேள்வியைத் திருப்பி என்னிடமே கேட்டான். மழை பற்றி எதை நம்புவது, ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். ஸ்ட்ரெச்சர் பிடிப்பது, வண்டியைக் கழுவுவது எல்லாம் ஆபீஸில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

வண்டியின் நெற்றியில் தெலுங்கில் கௌரவமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். ஜனங்களுக்கு அது பாடி வண்டி. முட்டி ஒத்துழைத்த வரைக்கும் நான் அதை ஓட்டினேன். சொந்த ஊர் கார்வேட்டிநகரத்துப் பக்கம் என்பதால் புத்தூர், நகரி, கார்வேட்டிநகரம் என்று எந்த டிரிப் வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். தமிழில் அழுகிறவர்களை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று சக டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஸ்மார்ட் போன் கைக்கு வந்த புதிதில், திரையின் மூலையில் சூரியன் படம் இருந்தால் வெயில், மேகம் இருந்தால் மழை, அவ்வளவுதான் என் படிப்பு. ஒரு தடவை குப்பத்துக்கு அந்தாண்ட குடுபல்லிக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் போனைப் பார்த்து, "மழை இல்ல, பந்தல் வாணாம்னு சொல்லிடுங்கோ" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். போய் இறக்கும்போது கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் முந்தானையை விரித்துப் பிடித்து அவரை நனையாமல் உள்ளே கொண்டுபோனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸில் போன் எடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். எந்த வண்டி எங்கே போவது என்று தீர்மானிப்பவர் அவர். பெயர் எழுதினால் சண்டைக்கு வருவார். மேடம் என்றே இருக்கட்டும். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"மேல இன்னா ஊரு பேரு போட்டுக்கிது, படி."

படித்தேன். திருப்பதி.

"திருப்பதி வெயில குடுபல்லிக்கு எடுத்துக்கினு போனியா? அதுவும் எப்போ பார்த்தது இது? காலையில புதுப்பிச்சதுன்னு சின்ன எழுத்துல போட்டுக்கிது பாரு. மலப்பக்கம் டவர் இல்லன்னா அது பழசத்தான் காட்டிக்கினு இருக்கும். நேத்து வடிச்ச சோத்த இன்னைக்குச் சுடச்சுடன்னு யாராவது துன்னுவாங்களா?"

ஊர் பெயரையும், கடைசியாக எப்போது புதுப்பித்தது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் மழையைப் பார்க்க வேண்டும். மேடம் திட்டித் தந்த முதல் பாடம் அது. இரண்டாவது பாடம் அவருக்கே அழுகையோடு வந்தது.

வேறு ஒரு இடத்து வண்டி அது. நமக்குத் தெரிந்த டிரைவர்தான், நல்ல கை. நல்ல வெயிலில், காய்ந்து கிடந்த தரைப்பாலத்தில் வண்டியை இறக்கினார். நம் பக்கத்து ஆறுகள் உங்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க மணல். மாடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். மேலே மலையில் பெய்த மழை ஏரிகளை நிரப்பி வழிந்து ஒரே மூச்சில் இறங்கி வரும்போது கீழே இருப்பவனுக்கு ஒரு தூறல்கூடப் போட்டிருக்காது. பாதிப் பாலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. டிரைவரும் கூட வந்தவர்களும் எப்படியோ கரையேறிவிட்டார்கள். வண்டி போய்விட்டது. செத்தவரை அந்தக் குடும்பம் இரண்டாம் முறை பறிகொடுத்துவிட்டுத் தேட வேண்டியதாயிற்று. அந்த டிரைவர் அதற்கப்புறம் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

அன்றிலிருந்து மேடம் ஒரு பழக்கம் வைத்தார். மழைக்காலத்தில் ஆறு குறுக்கிடும் டிரிப் என்றால், போகிற ஊரின் மழையைக் கேட்கவே மாட்டார். "ஆத்துக்குத் தலமாட்டுல எந்த ஊரு? அங்க இன்னா பெய்யுது?" என்பார். கார்வேட்டிநகரத்துப் பக்கம் என்றால் மேற்கே மலை. வானிலைத் துறையின் பக்கத்தில் ரேடார் படம் என்று ஒன்று போடுவார்கள். இப்போது, இந்த நேரத்தில் எங்கே மழை விழுகிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகக் காட்டும். அதைத் திறந்து அந்த மலைமேல் என்ன நிறம் என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார்.

இப்போதெல்லாம் போனில் மழைக்குப் பஞ்சமே இல்லை. வீடியோ போட்டு அலறுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மாநிலத்திலோ எந்த வருஷத்திலோ கார் மிதந்த படத்தை, "நகரி பாலம் இப்போது" என்று நம் சொந்தக்காரரே அனுப்புவார். அந்த ஜாதியை விடுங்கள். ஒழுங்கான பக்கங்களிலேயே இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, பெய்துகொண்டிருக்கும் மழை. இன்னொன்று, பெய்யப்போகும் மழை. முன்னதைக் கண்ணால் பார்க்கிறார்கள். பின்னதைக் கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போடுகிறவர்கள் யோக்கியர்கள்தான், தப்பாகலாம் என்று அவர்களே சொல்லித்தான் போடுகிறார்கள். ஆனால் கேட்கிற ஜனத்துக்கு இரண்டும் போன் சொன்னதுதான். இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது தேசம்மா செத்த அன்றைக்கு.

தேசம்மா எங்கள் பக்கத்து ஊர் மருமகள். காய்ச்சல் என்று திருப்பதியில் சேர்த்திருந்தார்கள். புருஷன் கோவிந்தசாமியும், அவள் கூடப்பிறந்த தம்பி ஏழுமலையும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். ஏழுமலைக்கு ஊர் ஆற்றுக்கு அந்தாண்ட, பள்ளிப்பட்டுப் பக்கம். அக்காளுக்குச் சற்றுத் தேவலை என்று டாக்டர் சொன்ன அன்று, புயல் வருகிறது, பெருமழை பெய்யும் என்று போனில் வந்தது. களத்தில் அறுத்துப் போட்ட நெல் கிடக்கிறது, மூடிவிட்டு ஓடி வருகிறேன் என்று ஏழுமலை ஊருக்குப் போனான். மறுநாள் காலையில் தேசம்மா போய்விட்டாள்.

கோவிந்தசாமியின் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்தவன் போன் வேறு எப்படி இருக்கும். என் போனை வாங்கித்தான் மைத்துனனுக்குச் சொன்னான். சொன்னான் என்பதுகூடத் தப்பு. "ஏழுமல" என்று கூப்பிட்டான், அதற்குமேல் குரல் வரவில்லை. போனை நான் வாங்கி மீதியைச் சொன்னேன். அப்படித்தான் ஏழுமலைக்கு என் நம்பர் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுப் புடவை கொண்டு வந்து அவள்மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்பார்கள். அது வராமல் எடுப்பது என்றால், இவளுக்குக் கேட்பாரில்லை என்று ஊரறியச் சொல்கிற மாதிரி. ஏழுமலை புடவை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டான். எப்போதும் வருகிற குறுக்கு வழி, தரைப்பாலம்.

நாங்கள் புத்தூரைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். வானம் மூடிக் கிடந்தது, ஆனால் மழை இல்லை. நடுநடுவே வெயில்கூட எட்டிப் பார்த்தது. டீ குடிக்க நிறுத்தினபோது ரேடார் படத்தைத் திறந்தேன். மேற்கே மலைமேல் மஞ்சளும் சிவப்புமாக அப்பிக் கிடந்தது. கொஞ்ச நேரம் முன்பு எடுத்த படம்தான், பழசில்லை. அதற்குள் போன் அடித்தது.

"அண்ணா, பாலத்தாண்ட வந்துட்டேன். மாமாகிட்ட சொல்லு, தோ வந்துட்டேன்னு."

"ஏழுமல, எறங்காத. அங்கியே நில்லு."

"ஏன், இன்னா?"

"மேல மழை. தண்ணி வரும்."

"தண்ணியா? கணுக்காலுகூட நனையாதுண்ணா. வெயிலு அடிக்குது. என் போன்லகூட வெயிலுதான் போட்டுக்கிது."

"உன் போன் உன் ஊரக் காட்டுது. நான் மலயப் பார்த்துக்கினு பேசறேன். சொன்னா கேளு. நகரிக்குப் போய்ப் பெரிய பாலம் வழியா சுத்திக்கினு வா."

"சுத்தினா நேரமாவும்ணா. எங்க அக்கா அங்க தனியா..."

தனியாக என்றுதான் சொன்னான். என் பின்னால் புருஷன் உட்கார்ந்திருக்கிறான், ஊரில் வீடு நிறைய ஜனம். ஆனாலும் அவன் போய்ச் சேராத வரைக்கும் அவன் அக்கா தனியாகத்தான் இருந்தாள். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் குரலை உயர்த்தினேன்.

"உங்க அக்காவுக்குக் கோடி போட ஒருத்தன்தான் கீற. நீயும் ஆத்தோட போய்ட்டா உங்க ரெண்டு பேருக்கும் யாருடா போடறது?"

"சரி, சுத்திக்கினே வரேன்" என்றான். அப்புறம் பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்து இறக்கினோம். வழக்கமாக இறக்கியதும் கிளம்பிவிடுவேன். அன்றைக்குக் கிளம்பவில்லை. கரண்ட் இல்லாமல் கோவிந்தசாமியின் போன் இன்னும் செத்துத்தான் கிடந்தது, ஏழுமலைக்குத் தொடர்பு என் போன் ஒன்றுதான். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நகரி போவதற்கு முன்னாலேயே காற்றில் புளியமரம் ஒன்று ரோட்டில் சாய்ந்துவிட்டது. பஸ், லாரி எல்லாம் வரிசையாக நிற்கிறது. பைக்கை மரத்துக்கு அடியில் நுழைத்துக்கொண்டு வரப்பார்த்து, முடியாமல் வயல்வழியாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றான். ஒவ்வொரு போனுக்கும் கடைசியில் ஒரே வார்த்தை. "எடுத்துடாதீங்கோ அண்ணா. நான் வந்துருவேன்."

கோவிந்தசாமியின் அண்ணன்தான் அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் கையில் நான்கு பிரச்சினை இருந்தது. ஊரில் கரண்ட் இல்லை, ஃப்ரீசர் பெட்டி வைக்க வழியில்லை. சுடுகாடு ஆற்றோரத் தாழ்வு. வெட்டின குழியில் ஒரு மழை பெய்தால் கிணறாகிவிடும். இருட்டினால் எடுக்கக் கூடாது. தேசம்மாவின் மகள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"நாளைக்குக் காலையில வெச்சிக்கலாமா டிரைவரே? போன்ல இன்னா சொல்லுது?"

பார்த்தேன். ஒரு பக்கம், மறுநாள் பெருமழை என்றது. இன்னொன்று, லேசான மழை என்றது. மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை போட்டிருந்தது. புயல் கரை சேரும் இடம் இன்னும் தெளிவாகவில்லை என்றும் அதிலேயே இருந்தது.

"பெரிய மழ வரலாம். வராமலும் போவலாம்."

"இன்னாப்பா இது. காலையில அந்தப் பையன்கிட்ட தண்ணி வரும்னு அடிச்சிச் சொன்ன. இப்போ இப்பிடியும் அப்பிடியும் சொல்ற."

"அது கண்ணால பார்த்த மழைங்க. இது நாளைக்கி வர்றது. ரெண்டும் ஒண்ணில்ல."

அவர் என் முகத்தையே பார்த்தார். கூட நின்றவர்கள், போன்தான் பெரிய மழை என்கிறதே, அப்புறம் என்ன என்றார்கள். காலையில் நான் உறுதியாகச் சொன்னது ஊருக்குள் அதற்குள் பரவியிருந்தது. அந்த உறுதி இப்போது சொன்னதன் மேலும் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை விளக்கிச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். அவர் வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். பொழுது சாயும் வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் முடியாது என்று எல்லோரிடமும் சொன்னார்.

பார்த்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். மேளக்காரர்களை நிறுத்திவைத்து, தெருமுனையில் ஆள் நிறுத்தி, எந்த பைக் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தது. புருஷன் வழியில் ஒரு அத்தை தன் பெட்டியிலிருந்து புதுப் புடவை ஒன்றைக் கொண்டு வந்து போர்த்தினாள். எடுத்துவிட்டார்கள்.

சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் மேளச் சத்தத்துக்கு நடுவே, ஆற்றுப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்து சொன்னான். தரைப்பாலத்தில் தண்ணீர் வந்துவிட்டது, மரமும் முள்ளுமாக அடித்துக்கொண்டு போகிறது என்று. நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள், டிரைவர் சொன்னது சரிதான் என்கிற மாதிரி. எனக்கு அந்தப் பார்வை வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் ஏழுமலை காலையில் எனக்குப் போன் செய்த உடனே இறங்கியிருந்தால், தாராளமாகக் கடந்திருப்பான். பைக்கை நிறுத்திவிட்டு அக்காளைப் பார்த்து அழுது ஓய்ந்து, பிற்பாடுதான் தண்ணீர் வந்திருக்கும். அதுவும் எனக்கு அங்கேயே தெரிந்தது.

எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவன் வந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. சட்டைக்குள் பிளாஸ்டிக் கவரில் புடவை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கழுவுகிற தண்ணீரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். கோவிந்தசாமி ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தான். ஏழுமலை அவனை விலக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அண்ணா, உன் போன்ல எல்லாம் தெரியுமாமே. மல தெரியுது, மழ தெரியுது. எங்க அக்கா மூஞ்சி தெரியுதா பாரு. ஒரு தபா காட்டு."

போன் என் கையில்தான் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் அந்தக் கவரைத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இருட்டில் நடந்து போனான்.

மறுநாள் பொழுது பளீரென்று விடிந்தது. புயல் வடக்கே நெல்லூர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டதாம். சொட்டு மழை இல்லை.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம், அதுதான் என் மனைவியிடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கே உரிய குசும்போடு சொன்னாள்.

"எனக்கு அந்த ரோதனையே இல்ல. கூடப் பொறந்தவன்னு ஒருத்தன் இருந்தாத்தானே. யாருக்காவவும் காத்துக்கினு இருக்க வாணாம். நீ பாட்டுக்கு எடுத்துக்கினு போய்க்கினே இரு."

வாயை மூடு என்று அதட்டினேன்.

அடுத்த வருஷம் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வலித்தது. சரியாகச் சொன்னதற்கு இந்த முகம் என்றால் தப்பாகச் சொன்னவன் என்ன ஆவான் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன். மேடத்திடம் சொன்னபோது அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "அந்தப் பையன் உசுரோட கோவமா கீறான். அது போதும் உனக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் போன் வந்தது.

"தரைப்பாலத்துல தண்ணி வருமா?"

பெயர் சொல்லவில்லை. அண்ணா என்றும் கூப்பிடவில்லை. குரல் தெரிந்தது. அக்காள் மகளைப் பார்க்க வருகிறான் போலிருக்கிறது. மேற்கே பார்த்தேன். "இல்ல, மலையில ஒண்ணும் இல்ல. வரலாம்" என்றேன். வைத்துவிட்டான். அதன்பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் அப்படித்தான். அதே கேள்வி, நான் பதில் சொன்னதும் கட். சரோஜா கிண்டல் செய்வாள். "உன் மச்சான் போன் பண்றாம்பா, எடு" என்பாள். எனக்கு மச்சான் என்று யாரும் இல்லாததால் அந்தக் கிண்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த போன் நிற்கவில்லை. அதற்காகவே ரேடார் பார்க்கிற பழக்கத்தை நானும் விடவில்லை.

தம்பிகளே, தொழில் ரீதியாக நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பெய்கிற மழையைப் பற்றித் தெரிந்தால் உறுதியாகச் சொல்லுங்கள். எதிராளி அழுதாலும் திட்டினாலும் சொல்லுங்கள். ஏழுமலை இன்றைக்கு அதே பாலத்திலிருந்து கூப்பிட்டாலும் இறங்காதே என்றுதான் சொல்வேன். நாளைய மழையைப் பற்றிக் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்கிறவர் எரிச்சல்படுவார். படட்டும். ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டு நான் நின்றேனே, அப்படி நிற்காதீர்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள். எவ்வளவு சரியாகச் சொன்னாலும் யாராவது ஒருவர் முகம் பார்க்காமல் போகத்தான் செய்வார்கள். அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

போன கார்த்திகையில் சரோஜா போனாள். திருப்பதி ஆஸ்பத்திரியில்தான். நம் வண்டியில்தான் கொண்டு வந்தேன், முதல் முறையாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. பின்னாலிருந்து பார்த்தால் ரோடு தெரியாது, டிரைவரின் கழுத்துதான் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு பேரையும் அப்படித்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

வீட்டில் பெண்கள் கூடினார்கள், பக்கத்து ஊரிலிருந்து தேசம்மாவின் மகளும் வந்திருந்தாள். கூடினதும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடி யார் கொண்டாருவாங்கோ. அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள், அண்ணன் தம்பி இல்லை, பங்காளிகள் பெங்களூர்ப் பக்கம். சரி, இங்கே இருப்பதில் ஒன்றைப் போர்த்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டிவந்த தம்பி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"ஐயா, சாயங்காலம் மழைன்னு போட்டிருக்கு. மேல மலையிலயும் பெய்யுது. எடுக்கறதுன்னா சீக்கிரம் எடுத்துடலாமா? எத நம்பறதுன்னு தெரியல, நீங்கதான் சொல்லணும்."

நல்ல பையன். மேற்கேயும் பார்த்திருந்தான். நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது என் போன் அடித்தது.

தண்ணீர் பற்றித்தான் கேட்கப்போகிறான், இன்றைக்கு என்னால் பார்த்துச் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அண்ணா." அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. "அக்கா மவ சொல்லிச்சி. நான் பார்த்துட்டேன், மேல மழ. பாலத்துல எறங்கல. நகரி வழியா சுத்திக்கினு வரேன். நேரமாவும். எடுத்துடாதீங்கோ."

"எடுக்கல. நீ பத்திரமா வா" என்றேன்.

தம்பியைப் பார்த்து, போனைப் பையில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். மழை வந்தது. போனில் போட்ட நேரத்துக்கே வந்தது. பந்தல் ஒழுகியது. வெட்டின குழிமேல் தகரம் போட்டு நாலு பேர் காவல் நின்றார்கள். ஒருவரும் எடுக்கலாம் என்று சொல்லவில்லை. நான் யாரையும் சொல்லவிடவில்லை.

ஏழுமலை வந்தபோது தலையெல்லாம் நரைத்திருந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. சட்டைக்குள் கையைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். மடங்கி மடங்கிப் பழுப்பேறிய கவர். உள்ளே, பிரிக்காத சிவப்புப் புடவை. சுமங்கலியாகப் போன அக்காளுக்கென்று எடுத்தது. சரோஜாவும் அப்படித்தானே போனாள்.

"இத வூட்டுல வெச்சிக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்கோ. எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு எனக்குத் தெரியல அண்ணா" என்றான்.

பெண்கள் வழிவிட்டார்கள். அவன் குனிந்து, புடவையைப் பிரித்து, சரோஜாவின் மேல் கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் போர்த்தி, ஓரத்தை மெதுவாகச் சரிசெய்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து முடிக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் மழையில் நின்றிருந்தோம்.